காசுப் பெட்டி: வெள்ளி டொலரை வாங்குமுன் எதைப் பார்ப்பது?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க வெள்ளி டொலரைப் பற்றியே இருந்தன. அதனால் இலங்கைச் சதக் குற்றிகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பதும், பழைய வீட்டை விற்கும்போது அலுமாரி மூலையில் அகப்படுவதுமாகக் கொழும்பில் இந்தக் காசு கொஞ்சம் கைமாறத்தான் செய்கிறது. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன். வெள்ளி வைத்திருப்பவர் யாரென்று ஊருக்கெல்லாம் சொல்வானேன்.

ஐயா, எனக்குத் தெரிந்த ஒருவர் 1885 ஆம் ஆண்டு மோர்கன் டொலர் ஒன்றை விற்கிறார். பின்பக்கத்தில் ஓ எழுத்து இருக்கிறது. "எம்எஸ் 63, புழக்கத்துக்கே போகாத காசு" என்கிறார். ஆனால் முன்பக்கத்துப் பெண்ணின் காதுக்கு மேலே முடி தட்டையாக, தேய்ந்த மாதிரித் தெரிகிறது. மற்றபடி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
— வெள்ளவத்தை வாசகர்

முடி தட்டையாக இருப்பதை வைத்து மட்டும் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். ஓ என்றால் நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலை. அங்கே அடித்த டொலர்களில் நடுப்பகுதி சரியாகப் பதியாமல் போவது ரொம்பச் சாதாரணம். ஜோர்ஜ் மோர்கன் வரைந்த இந்த வடிவத்தில் முன்பக்கம் காதுக்கு மேலுள்ள முடியும் பின்பக்கம் கழுகின் மார்பும் அச்சில் ஆழமான இடங்கள், இரண்டும் காசின் நடுவில், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வருகின்றன. அடி கொஞ்சம் குறைந்தாலும் அந்தப் பள்ளங்களுக்குள் உலோகம் போய் நிறையாது. ஆகவே பிறந்த அன்றே முடியில் கோடில்லாத காசு அது. சான் பிரான்சிஸ்கோவில் 1880 முதல் 1882 வரை அடித்ததை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும், இத்தனைக்கும் அதே வடிவம்தான்.

அப்போ தேய்ந்ததா, பதியாததா என்று எப்படிப் பிரிப்பது? வெளிச்சத்தை வைத்துத்தான். ஒற்றை மின்குமிழுக்குக் கீழே, டியூப் லைட்டுக்குக் கீழே அல்ல, காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். கழுவித் துடைக்காத புதுக்காசில் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலிருந்து விளிம்புவரை பிரிந்து, நீங்கள் காசைத் திருப்பத் திருப்ப அதுவும் சுற்றிவரும். அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடி விட்டுச் சென்ற கண்ணுக்குத் தெரியாத வரிகள்தான் அந்தச் சக்கரத்தைக் காட்டுகின்றன. கை பட்டுப் பட்டுப் புழங்கும்போது மேடான இடங்களில் அந்த வரிகள்தான் முதலில் அழியும். இப்போது அந்தத் தட்டையான முடியைப் பாருங்கள். சுற்றிவரும் ஒளி அதன் மேலேயும் தடையில்லாமல் ஓடினால் அது பதியாத முடி. லென்ஸில் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கலாம், அச்சில் போகுமுன் வெள்ளித் தகட்டில் இருந்த சிறு குழிகள் நசுங்காமல் அப்படியே நிற்கும். அந்த இடத்துக்கு வரும்போது ஒளி செத்து, மங்கிய சாம்பல் திட்டாகத் தெரிந்தால் அது தேய்மானம். எம்எஸ் என்ற பேச்சு அதோடு முடிந்தது, காசு ஏயூ, அதாவது ஏறத்தாழப் புழங்காதது என்ற வகுப்புக்கு இறங்கிவிடும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. காசைத் திருப்பிக் கழுகின் மார்பைப் பாருங்கள். அடி போதாமல் முடி பதியாத காசில் பெரும்பாலும் மார்பு இறகுகளும் மங்கித்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தின் இரு பக்கம். மார்பு இறகு முழுசாக நின்று, முடி மட்டும் தட்டையாகி, கன்னமும் நெற்றி ஓரத்து முடியும் தொப்பியிலுள்ள பருத்தி இலைகளின் விளிம்பும் சேர்ந்து மங்கியிருந்தால் அந்தக் காசு யாரோ ஒருவருடைய பொக்கெற்றில் கொஞ்ச நாள் குடியிருந்திருக்கிறது.

சரி, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முடியை விடப் பயம் தந்தது "வெள்ளை வெளேர்" என்ற சொல். நூற்று நாற்பது வருடத்து வெள்ளி வெள்ளையாக இருக்கக்கூடாது என்று சட்டமில்லை, நாணயச்சாலைப் பையிலேயே கிடந்தது அப்படி இருக்கும். ஆனால் இங்கே நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் என்றால் விபூதி போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம், குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்துவிடுவார்கள். அப்படித் தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் அந்தச் சக்கரம் சுற்றாது. சாய்க்கும்போது தட்டையான வெளிப்பரப்பில் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில் கூட்டமாகத் தெரியும். இங்கே ஒரு குழப்பம் வரும், கவனம். நாணயச்சாலையிலேயே அச்சை மெருகூட்டும்போது விழுந்த கோடுகளும் காசில் இருக்கலாம், அவை குற்றமல்ல. அச்சிலுள்ள கீறல் காசில் மேடாக வரும், முகத்தின் ஓரத்திலும் எழுத்தின் ஓரத்திலும் வந்து நின்றுவிடும். துணியால் தேய்த்த கீறல் பள்ளமாக இருக்கும், வெளிப்பரப்பில் தொடங்கி எழுத்தின் மேலேயும் கன்னத்தின் மேலேயும் ஏறிப் போகும். இந்த ஒன்றை மட்டும் லென்ஸில் நிதானமாகப் பார்த்துப் பழகிவிட்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம். தேய்த்த காசில் எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் பழைய அழுக்கு கறுப்பாக மிஞ்சியிருப்பதும் உண்டு.

கழுவிய காசுக்கு நல்ல தர எண் கிடையாது. தரம் பிரிக்கும் நிறுவனங்கள் அதை எண் இல்லாமல், "இந்த அளவு விவரம் இருக்கிறது, ஆனால் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிடும். எண்ணைப் பற்றி வாதாடுமுன் மேற்பரப்பு அசலா என்று தீர்மானியுங்கள் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். விற்பவர்கள் எப்போதும் எண்ணிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள்.

இனி எண். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949 இல் பழைய அமெரிக்க செப்புச் சதங்களுக்காக வைத்த 1 முதல் 70 வரையான அளவுகோல்தான் இன்று எல்லாக் காசுக்கும் ஓடுகிறது. மேலோட்டமாகச் சொன்னால், விஎஃப் 20 இலிருந்து 35 வரை முடிக்கோடுகள் பாதிக்குப் பாதி, எக்ஸ்எஃப் 40, 45 இல் மேடுகளில் மட்டும் தேய்மானம், ஏயூ 50 முதல் 58 வரை நுனியில் லேசான உரசல், 60 இலிருந்து தேய்மானமே இல்லை. 60 க்கு மேலே தரத்தைக் குறைப்பது முக்கியமாக அடிபட்ட காயங்கள். இந்தக் காசுகளை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் போட்டு அடுக்கினார்கள், ஒரு பையே ஏறக்குறைய 27 கிலோ, அதைத் தூக்கிப் போடும்போதெல்லாம் ஒன்றின் விளிம்பு மற்றதின் முகத்தில் குத்தும். காயம் எங்கே என்பதுதான் கேள்வி. முடிக்குள்ளும் இறகுக்குள்ளும் பத்துக் காயம் ஒளிந்துகொள்ளும், கன்னத்தில் ஒன்று விழுந்தால் கடைசிவரை கண்ணை இழுக்கும். 65 என்றால் கன்னம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்க வேண்டும். 63 க்குச் சில காயங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியலாம், ஆனால் முகத்தைக் குலைக்கக்கூடாது. 60, 61 என்றால் காயத்துக்குக் குறைவிருக்காது, அதனால்தான் நல்ல 58 ஒன்று 61 ஐ விட அழகாக இருப்பதைப் பார்க்கிறோம். அப்படி ஒரு 58 கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், எண்ணை வீட்டில் யாருக்கும் காட்டப் போவதில்லையே.

உங்கள் 1885-ஓ அரிய காசல்ல, இலட்சக்கணக்கில் அடித்தது, நல்ல நிலையிலும் நிறையவே மிஞ்சியிருக்கிறது. இந்த வருடத்தில் 58 க்கும் 63 க்கும் இடையே விலை வித்தியாசம் பெரிதல்ல, 65 ஐத் தாண்டும்போதுதான் விலை ஏறும். ஆகவே 62 ஆ 63 ஆ என்று ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். கழுவினதா இல்லையா, இதைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். கழுவினது என்றால் வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதுவும் கொடுக்காதீர்கள். கணக்கு சுலபம், காசின் எடை 26.73 கிராம், அதில் 90 வீதம் வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி 24 கிராம் சொச்சம். செட்டியார் தெருவில் தெரிந்த கடைக்கு ஒரு போன் போட்டு அன்றைய கிராம் விலையைக் கேட்டு 24 ஆல் பெருக்குங்கள், அதுதான் அடிவிலை.

போகும்போது கொண்டுபோக வேண்டியது ஐந்து மடங்கு அல்லது ஏழு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு மெல்லிய துணி, முடிந்தால் மேசையில் வைக்கும் சின்ன விளக்கு. இரத்தினக்கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் கொழும்பில் எங்கும் கிடைக்கும், ஆனால் அதில் பார்த்தால் எல்லாக் காசும் குண்டும் குழியுமாகத் தெரிந்து நல்லதையும் விட்டுவிட்டு வருவீர்கள், அதை நாணயச்சாலை எழுத்து பிறகு ஒட்டினதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். போன் டோர்ச் வேண்டாம், நேரடி வெளிச்சத்தில் கீறல் மறைந்துவிடும். போட்டோ மட்டும் அனுப்புகிறவராக இருந்தால், காசைச் சாய்த்துத் திருப்பும் பத்து விநாடி வீடியோ ஒன்று வட்ஸ்அப்பில் கேளுங்கள், சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். நேரில் பார்க்கும்போது அவசரப்படுத்துகிறவர், லென்ஸை எடுத்ததும் முகம் சுளிக்கிறவர், இவர்களிடம் வாங்க வேண்டாம். வந்ததற்கு ஒரு தேநீர் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு புதிதாக இருக்கிறது என்று சொன்னாலே எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எப்படிச் சாத்தியம்?
— மருதானை வாசகி

சந்தேகம் நல்லது, ஆனால் இந்த விஷயத்தில் சாத்தியம்தான். 1878 இலிருந்து 1904 வரையும் பிறகு 1921 இலும் இந்த டொலரை அடித்துத் தள்ளினார்கள், மக்களுக்கு அவ்வளவு பாரமான காசு தேவைப்படவில்லை, பெரும்பகுதி பையோடு திறைசேரி அறைகளில் கிடந்தது. 1918 இல் பிட்மன் சட்டம் வந்து 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்களை உருக்கினார்கள். அந்த வெள்ளியில் பெரும்பகுதி பிரித்தானியா வழியாக எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? பக்கத்திலிருக்கும் இந்தியாவுக்கு, ரூபாய் அடிக்க. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே வெள்ளி ரூபாய்க்குப் பெரும் தட்டுப்பாடு. உங்கள் பாட்டியின் பெட்டியில் ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட 1918, 1919 ரூபாய் கிடந்தால் அதற்குள் கொஞ்சம் மோர்கனும் இருக்கலாம்.

உருகாமல் தப்பியது அப்படியே கிடந்து, 1960 களின் தொடக்கத்தில் பை பையாக வெளியே வந்தது. 1903-ஓ அதுவரை எட்டாக் கனியாக இருந்த காசு, 1962 இன் இறுதியில் அதன் பைகள் திறந்ததும் விலை மடமடவென்று விழுந்தது. 1964 மார்ச்சில் திறைசேரி டொலர் கொடுப்பதை நிறுத்தியது. மிஞ்சிய கார்சன் சிட்டி நாணயச்சாலைக் காசுகளை 1972 இலிருந்து 1980 வரை அரசே பெட்டியில் போட்டு விற்றது. ஆக, நேற்று அடித்தது போலிருப்பதாலேயே போலி என்று தள்ள வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? நகைக்கடையில் கொடுத்துப் பார்க்கலாமா?
— புறக்கோட்டை வாசகர்

பார்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உரைகல்லில் உரசவோ, அமிலத்துளி வைக்கவோ, ஓரத்தை வெட்டிப் பார்க்கவோ விடாதீர்கள். வெள்ளிதானா என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார், ஆனால் அதற்குள் காசு கெட்டுவிடும், விளிம்பில் உரசிய தடம் உள்ள டொலரை எந்தச் சேகரிப்பாளரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார். எக்ஸ்-ரே இயந்திரம் வைத்திருக்கும் கடையென்றால் தாராளமாகக் கொடுங்கள், அதனால் காசுக்குச் சேதமில்லை.

கடைக்குப் போகுமுன் நீங்களே செய்யக்கூடியவை இருக்கின்றன. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள், தேயாத காசு 26.7 ஐ ஒட்டி நிற்க வேண்டும், நன்றாகத் தேய்ந்தது 26 க்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வரலாம். புதுக்காசு போலத் தெளிவாக இருந்துகொண்டு 24 கிராம் காட்டினால் மேலே பார்க்கவே வேண்டாம். விட்டம் 38.1 மில்லிமீற்றர். காந்தம் ஒட்டக்கூடாது, ஆனால் ஒட்டாததால் மட்டும் அசலாகிவிடாது, பித்தளையிலும் ஒட்டாது. அமெரிக்கக் காசை மேலும் கீழுமாகப் பிடித்துக்கொண்டு இடவலமாகத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும், அது அவர்கள் முறை. தலை நேராக வந்தால் சந்தேகப்படுங்கள், மலிவான போலிகள் பல இதிலேயே மாட்டும்.

எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு 2.6 கிராம் அளவில் காட்ட வேண்டும். 26.73 ஐ 2.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.3, அதுதான் 90 வீத வெள்ளியின் அடர்த்தி. செப்பும் நிக்கலும் கலந்த போலி அதே எடையில் இருந்தால் 3 கிராம் காட்டும். நூலை இறுக்கி உரசாதீர்கள், முடிந்ததும் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், நூலை ஒரு பேனையில் கட்டிக் குறுக்கே எதிலாவது தாங்க வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. வெள்ளியிலேயே, சரியான எடையிலேயே செய்த போலிகளும் இருக்கின்றன. அவற்றைத் தராசு பிடிக்காது. எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பாக இருப்பது, வெளிப்பரப்பில் காரணமில்லாத சிறு கொப்புளங்கள், விளிம்பைச் சுற்றிப் போகும் பொருத்துக்கோடு, இவற்றைத்தான் தேட வேண்டும்.

1893-எஸ் டொலர் ஒன்று நியாயமான விலைக்கு வந்திருக்கிறது. அரியது என்கிறார்களே, வாங்கலாமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

அரியதுதான், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, அங்கே அந்த வருடம் மொத்தமே 100,000 தான் அடித்தார்கள், புழக்கத்துக்கு அடித்த மோர்கன்களில் அதைவிடக் குறைவானது வேறில்லை. "நியாயமான விலை" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அதே வருடம் பிலடெல்பியாவில் எழுத்தில்லாமல் அடித்த காசு கிடைக்கும், அதன் பின்பக்கத்தில் எஸ் எழுத்தை ஒட்டி இந்தக் காசாக்குவது பழைய தந்திரம். எழுத்தைச் சுற்றிப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், ஒட்டிய தடமோ நிற மாற்றமோ இருக்கும். அதைவிட நல்ல சோதனை முன்பக்கத்தில் இருக்கிறது. அசல் 1893-எஸ் எல்லாமே ஒரே முன்பக்க அச்சில் அடித்தவை, அந்த அச்சில் லிபர்ட்டி என்ற எழுத்துகளில் டி எழுத்தின் மேல்பகுதியில் சாய்வாக ஒரு மெல்லிய மேட்டுக்கோடு உண்டு. தேய்ந்த காசில் அது அழிந்திருக்கலாம், ஆனால் நன்றாக இருக்கும் காசில் அது இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். இந்த விலைக் காசுகளைத் தரம் எழுதி முத்திரை வைத்த பெட்டியில் இல்லாமல் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 1895 இல் எழுத்தில்லாத டொலர் என்று யாராவது சட்டைப் பையிலிருந்து எடுத்தால் கேட்கவே வேண்டியதில்லை, சேகரிப்பாளர்களுக்கென்று 880 மட்டும் அடித்த வருடம் அது.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் தரம் எழுதி முத்திரை வைத்த டொலரை வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
— தெஹிவளை வாசகர்

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். தரம் பிரிக்கும் நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986 இலும் என்ஜிசி 1987 இலும் தொடங்கின, இந்த இரண்டின் பெட்டி என்றால் உலகம் முழுக்க மதிப்பு. பெட்டியிலுள்ள இலக்கத்தை அவர்களுடைய தளத்தில் போட்டால் எந்தக் காசு, என்ன தரம் என்று வரும். ஆனால் போலிப் பெட்டி செய்கிறவர்கள் உண்மையான இலக்கத்தைத்தான் பார்த்து எழுதுகிறார்கள், ஆகவே இலக்கம் சரியாக வந்துவிட்டது என்று நின்றுவிடாதீர்கள். சில காசுகளுக்குத் தளத்தில் படமும் இருக்கும். கன்னத்திலுள்ள காயம் எங்கே, படத்தில் எங்கே என்று ஒப்பிடுங்கள், காயங்கள் ஒவ்வொரு காசிலும் வேறு. பெயர் கேள்விப்படாத நிறுவனம் 67 என்று போட்டிருந்தால் அந்தக் காகிதத்தை விரலால் மறைத்துவிட்டுக் காசை மட்டும் பாருங்கள்.

பாட்டியின் வெள்ளி டொலர் கறுத்துப் போயிருக்கிறது. விற்குமுன் கழுவலாமா? மேலே விளிம்பில் ஒரு சின்ன மேடும் இருக்கிறது.
— கொட்டாஞ்சேனை வாசகி

கழுவாதீர்கள். பற்பசை, புளி, தேசிக்காய், விபூதி எதுவும் வேண்டாம். கறுப்பு என்பது காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்தது, அதைப் பொறுத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் நிறையப் பேர், தேய்த்ததைப் பொறுப்பவர்கள் குறைவு. பச்சையாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் மட்டும் விஷயம் வேறு, அது மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து வடிந்தது, காசைத் தின்னும். சுத்தமான அசிற்றோனில் ஊறவைத்து எடுத்தால் அது கரையும், வெள்ளியைத் தொடாது. சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகவேண்டாம். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி அல்ல, வெறும் அசிற்றோன்.

அந்த மேடுதான் கவலை. காசு ஒரு காலத்தில் சங்கிலியில் தொங்கியிருக்கும், வளையம் வைத்துப் பற்றவைத்து, பிறகு யாரோ அராவி எடுத்திருக்கிறார்கள். விளிம்பின் வரிப்பற்கள் அந்த இடத்தில் மட்டும் அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தால் காசுச் சந்தையில் அது நகை, வெள்ளி விலையைச் சுற்றித்தான் போகும். பாட்டி கழுத்தில் போட்டிருந்தது என்றால் என்னிடம் கேட்டால் விற்கவே வேண்டாம் என்பேன்.

வைத்துக்கொள்வதானால், கடற்காற்று வீசும் ஊரில் இருக்கிறோம், இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பாண்ட் போடும் பழக்கம்தான் அதைக் கறுப்பாக்கியது, இரண்டிலும் கந்தகம் இருக்கிறது.

மஸ்கட்டில் வேலை செய்த தம்பி ஒரு பெரிய வெள்ளிக்காசு கொண்டுவந்தான், 1780 என்று போட்டிருக்கிறது. என்ன தரம், என்ன விலை?
— மட்டக்குளி வாசகர்

ஒரு பக்கம் முக்காடிட்ட பெண், மறுபக்கம் இரட்டைத்தலைக் கழுகு என்றால் அது மரியா தெரேசா. ஒஸ்திரிய அரசி 1780 இல் இறந்தார், அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் இந்தக் காசைத்தான் நம்பினார்கள் என்பதால் அதற்குப் பிறகும் அந்த வருடத்தையே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், பம்பாயிலும். 28 கிராம், வெள்ளி 83 வீதம் சொச்சம். அநேகமாக உங்களுடையது பிற்காலத்தில் அடித்தது, விலையும் வெள்ளி விலையை ஒட்டித்தான். காசின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள், கழுகின் வால் இறகுகளையும் அரசியின் தோள் ஊசியையும் வைத்து எந்தக் காலத்து அச்சு என்று சொல்லப் பார்க்கிறேன்.